தொழுநோய் குணமாகி இத்தனை வருஷம் கழிச்சு அப்பாவுக்கு கால் எரிச்சல், என்ன பண்றது?

போளூர்_பொண்ணு:
அப்பாவுக்கு 2009ல தொழுநோய்னு கண்டுபிடிச்சு ஒரு வருஷம் எம்டிடி (தொழுநோய்க்கு குடுக்கிற பல மருந்து சேர்ந்த கூட்டு சிகிச்சை) மாத்திரை விடாம சாப்ட்டு முடிச்சார். இப்போ கொஞ்ச நாளா ராத்திரியானா ரெண்டு பாதமும் நெருப்புல வச்ச மாதிரி எரியுதுங்கிறார், நடுவுல முழங்கைலேர்ந்து சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்குதாம். பாதத்துல தொட்டா அவருக்கு தெரியாது, மரத்துப்போன கால் எப்படி வலிக்கும்னு கிளினிக்ல கேட்டு பாராசிட்டமால் குடுத்து அனுப்பிட்டாங்க. நோய் திரும்பிருச்சோன்னு பயந்து பேரப்புள்ளைங்கள பக்கத்துல விடமாட்டேங்கிறார், அதான் எனக்கு தாங்கல.

பிசியோ_வேலூர்:
வலிக்கும்ங்க, நல்லாவே வலிக்கும். எம்டிடி கிருமியத்தான் கொல்லும், அதுக்கு முன்னாடியே அடிபட்ட நரம்பு அப்படியேதான் இருக்கும், தொடுறது தெரியாத அதே நரம்பு சும்மாவே தப்பு தப்பா சிக்னல் அனுப்பும், அதான் எரிச்சல். மருந்து முடிச்சு பல வருஷம் கழிச்சும் வரும். முழுசா மாத்திரை சாப்ட்டவங்களுக்கு நோய் திரும்புறது ரொம்ப அபூர்வம், பேரப்புள்ளைங்கள தாராளமா மடில வச்சுக்க சொல்லுங்க.

ஆனா ஒண்ணு உடனே பாக்கணும். முழங்கை உள்பக்கம் நரம்ப லேசா அழுத்தினா துடிக்கிறாரா, சுண்டுவிரல் புதுசா மடங்குதா, சட்டை பட்டன் போட கஷ்டப்படுறாரா? அப்படி இருந்தா நரம்பு அழற்சியா இருக்கலாம், அதுக்கு பிரட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை குடுப்பாங்க, பலம் குறைஞ்சு 6 மாசத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். டாக்டர் இல்லாம அத வாங்கிப் போட்டுராதீங்க. வேலூர் பக்கம் தொழுநோய் பாக்கிற கரிகிரி ஆஸ்பத்திரி உங்களுக்கு கிட்டதானே, கூட்டிட்டு போங்க. சுகரும் பாருங்க, சுகராலயும் இதே எரிச்சல் வரும்.

முத்து_அண்ணன்:
தங்கச்சி, நானும் இந்த மருந்து சாப்ட்டு குணமானவன்தான். எனக்கும் பாராசிட்டமால் ஒண்ணும் கேக்கல, நரம்பு வலிக்கும் குடுக்கிற அமிட்ரிப்டிலின் மாத்திரைய ராத்திரிக்கு குடுத்தாங்க, வாய் வறளும், காலைல கொஞ்சம் மந்தமா இருக்கும், ஆனா தூக்கம் வந்துச்சு. சிலருக்கு கபாபென்டின் குடுக்கிறாங்க. வலி சுத்தமா போகல, ஆனா தாங்குற அளவுக்கு வந்துருச்சு. வயசானவங்கன்னா இதயம், நீர் போறது எல்லாம் பாத்துட்டுதான் எழுதுவாங்க.

போளூர்_பொண்ணு:
ரொம்ப நன்றிண்ணா. எரிச்சலுக்கு இப்போ தெனமும் உப்பு போட்ட சுடுதண்ணில கால வச்சிட்டு உக்காந்திருக்கார், அது பரவால்லயா?

பிசியோ_வேலூர்:
ஐயோ வேணாம், இன்னைக்கே நிறுத்துங்க! சூடு அவருக்கு தெரியாது, தோல் வெந்தாலும் தெரியாது, கொப்புளம் ஒடஞ்சு ஆறாத புண்ணாயிரும். சாதாரண தண்ணில ஊறவச்சு ஈரத்தோட தேங்காண்ணெய் தடவுங்க. இப்பவே லைட்ட போட்டு உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம் பாருங்க, எங்கயாவது செவந்திருந்தா நாளைக்கே கெளம்புங்க.