தடாக மோட்டருக்கும் உப்புக் குளோரின் மெஷினுக்கும் தனித்தனி டைமர் போடலாமா?

பண்டாரவளை வயர்மேன்:
ஒரு கெஸ்ட்ஹவுஸ் நீச்சல் தடாகம். 10 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீற்றர். ஆக 50 கன மீற்றர் தண்ணீர். சிங்கிள் பேஸ் 1.5 குதிரைவலு மோட்டர், மணிக்கு 20 கிராம் குளோரின் தரும் உப்பு மெஷின். இரண்டும் வெவ்வேறு பிளக் டைமரில் ஓடுகின்றன. மோட்டர் டைமரின் கொன்டாக்ட் கருகி ஒட்டிக்கொண்டது. பனிமூட்டமான காலையில் ட்ரிப் சுவிட்ச் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச்) விழுகிறது. மெஷின் காலையில் ‘உப்புக் குறைவு’ காட்டுகிறது, மத்தியானம் தானாகச் சரியாகிறது. பெட்டியைப் புதிதாகக் கட்டப் போகிறேன். எப்படி இணைப்பது, எத்தனை மணிக்கு ஓடவிடுவது? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஹட்டன் பேனல்:
தம்பி, முதலில் அந்த இரண்டாவது டைமரைக் கழற்றுங்கள். மெஷினின் செல்லுக்குள், அதாவது உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்ச்சும் தகடுகள் உள்ள பகுதிக்குள், குளோரினோடு ஐதரசனும் உண்டாகிறது. தண்ணீர் ஓடினால் அது கரைந்தும் குமிழியாகவும் போய்விடும். மோட்டர் நின்று செல் மட்டும் வேலை செய்தால் வாயு செல்லின் மேல்பக்கத்திலும் ஃபில்டரிலும் தேங்கும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சுவிட்ச் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். துடுப்பில் இலைத்தூள் சிக்கினால் அது ‘ஓடுகிறது’ என்ற நிலையிலேயே நின்றுவிடும். பேட்டரி இல்லாத பிளக் டைமர் கரண்ட் போன நேரமெல்லாம் நின்று கிடக்கும். இரண்டும் ஒரே சர்க்கிட்டில் இல்லையென்றால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.

கொன்டாக்ட் கருகியதற்குக் காரணம் இதுதான்: டைமரில் எழுதியிருக்கும் 16 அம்பியர் ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. உங்கள் மோட்டர் ஓடும்போது சுமார் 7 அம்பியர் எடுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. மோட்டர் கரண்டை கொன்டாக்டர் (கொயிலுக்குக் கரண்ட் வந்ததும் காந்தத்தால் மூடும் பெரிய சுவிட்ச்) தாங்கட்டும்; டைமர் அதன் கொயிலை மட்டும் இயக்கட்டும்.

வரிசை இப்படி: 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச், சி டைப் (ஸ்டார்ட் கரண்டைத் தாங்கும்) 16 அம்பியர் பிரேக்கர், 12 அம்பியர் ஏசி-3 (மோட்டர் லோடுக்கான) கொன்டாக்டர், ஓவர்லோட் ரிலே (மோட்டர் அளவுக்கு மேல் கரண்ட் எடுத்தால் நிறுத்துவது), மோட்டர். ஓவர்லோடை மோட்டர் பிளேட்டில் உள்ள அம்பியருக்கே வையுங்கள். சிங்கிள் பேஸ் என்பதால் ஓவர்லோடின் மூன்று போலிலும் (கரண்ட் பாதை) கரண்ட் போகிற மாதிரி லூப் போடுங்கள், இல்லையென்றால் காரணமில்லாமல் விழும். டைமரிலிருந்து வரும் லைவ், ஓவர்லோடின் 95-96 (ஓவர்லோட் விழுந்தால் திறக்கும் கொன்டாக்ட்) வழியாக கொயிலின் ஏ1 முனைக்குப் போகட்டும். ஏ2-க்கு நியூட்ரல்.

மெஷினுக்கான லைவை அதே ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் தனி 6 அம்பியர் பிரேக்கரிலிருந்து எடுத்து, கொன்டாக்டரின் 13-14 துணைக் கொன்டாக்ட் (கொன்டாக்டர் பிடித்திருக்கும்போது மட்டும் மூடியிருப்பது) வழியாகக் கொடுங்கள். இந்த அளவு மெஷின் 1 அம்பியர்கூட எடுக்காது, ஆனாலும் பிளேட்டைப் பார்த்துவிடுங்கள். ஓவர்லோட் விழுந்தாலும், டைமர் நின்றாலும், கொயில் போனாலும் செல்லும் கூடவே நிற்கும். ஃப்ளோ சுவிட்ச் இதற்கு மேலே இரண்டாவது காவல்.

பதுளை எர்த்:
ட்ரிப் விழுகிறது என்று அதை பைபாஸ் பண்ணிவிடாதீர்கள், தண்ணீருக்குள் ஆட்கள் இறங்குகிறார்கள். மோட்டரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். கேபிள் மேலிருந்து இறங்கினால் ஈரம் அதன் வழியே உள்ளே வரும். கேபிளை கீழே வளைத்து, கேபிள் நுழையும் கிளாண்டை கீழ்ப்பக்கமாக மாற்றுங்கள். பிறகு லைவ், நியூட்ரல் இரண்டையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீற்றர்) வைண்டிங்குக்கும் உடம்புக்கும் இடையே பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் ஈரம் ஏறிவிட்டது. மெஷினைப் பிரித்து வைத்த பிறகே மெகர் போடவேண்டும், இல்லாவிட்டால் அதன் போர்ட் போய்விடும்.

ட்ரிப் சுவிட்ச் ஏ டைப்பாக இருக்கட்டும். உப்பு மெஷினின் பவர் சப்ளையில் பழுது வந்தால் டிசி கலந்த கசிவு வரலாம், ஏசி டைப்புக்கு அது தெரியாது.

நம் பக்கம் கல்மலை. ஒரு ராட் அடித்துவிட்டு எர்த் வந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. டெஸ்டரில் அளந்து பாருங்கள். 30 மில்லியம்பியருக்குக் கணக்குப்படி 1667 ஓம் வரை போதும், ஆனால் 200 ஓமுக்கு மேல் இருந்தால் வெயில் காலத்தில் அதை நம்பமுடியாது. குறையவில்லையென்றால், ராட்டின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இன்னொன்று. ஏணி, கைப்பிடி, மோட்டர் உடம்பு எல்லாவற்றையும் 4 சதுர மில்லிமீற்றர் எர்த் வயரால் ஒன்றாகக் கட்டுங்கள். எர்த் கிடைக்கவில்லை என்று நியூட்ரலோடு இணைத்தால், வெளியே நியூட்ரல் அறுந்த அன்று ஏணியில் கரண்ட் நிற்கும். பெட்டி தடாக ஓரத்திலிருந்து 3.5 மீற்றருக்கு அப்பால் இருக்கட்டும். ஆசிட் கேனை அதே அறையில் வைத்தால் கொன்டாக்டர் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

நுவரெலியா தண்ணீர்:
காலையில் வரும் ‘உப்புக் குறைவு’ பெரும்பாலும் குளிரால்தான். தண்ணீர் குளிர்ந்தால் மின்கடத்தல் குறையும், மெஷின் அதை உப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்ளும். அதை நம்பி உப்புக் கொட்டினால் ஏப்ரல் வெயிலில் ‘உப்பு அதிகம்’ என்று நின்றுவிடும். டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பாருங்கள். 3500 பிபிஎம் (ஒரு கன மீற்றருக்கு இத்தனை கிராம்) வேண்டுமென்றால் உப்பே இல்லாத 50 கன மீற்றருக்கு 175 கிலோ. முதலில் 140 கிலோ போட்டு, செல்லை நிறுத்தி ஒரு நாள் மோட்டரை ஓட்டி, அளந்த பிறகு மீதி. அயடின் கலந்த சமையல் உப்பு வேண்டாம்.

நேரம்: காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை. தண்ணீர் சூடாக இருக்கும் நேரம் அதுதான். நேரவாரிக் கட்டண மீற்றர் என்றால் மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரமும் தப்பும். முழு அளவில் 5 மணித்தியாலத்துக்கு 100 கிராம், அதாவது 2 பிபிஎம். நான் 60 வீதத்தில் தொடங்கச் சொல்வேன். மாலையில் குளோரினை அளந்து 1 முதல் 3 பிபிஎம்முக்குள் நிற்கிறதா பாருங்கள். தண்ணீர் 15 டிகிரியை நெருங்கினால் செல்லை நிறுத்திவிட்டு திரவக் குளோரின் ஊற்றுங்கள். குளிரில் ஓட்டினால் தகட்டின் பூச்சு தேயும்.

ஊற்றுத் தண்ணீர் என்றால் காரத்தன்மை 80 பிபிஎம்முக்குக் கீழே இருக்கலாம், அப்படியென்றால் பிஎச் தாறுமாறாக ஆடும். 50 பிபிஎம் ஏற்ற 4.2 கிலோ சமையல் சோடா போதும்.

பண்டாரவளை வயர்மேன்:
மிக்க நன்றி. மெஷினுக்குள்ளேயே ஒரு டைமர் இருக்கிறது. அதை என்ன செய்வது?

ஹட்டன் பேனல்:
பாவிக்கலாம். 10.15-க்குத் தொடங்கி 3.15-க்கு நிற்கும்படி வையுங்கள். கடைசிக் கால் மணித்தியாலம் வெறும் தண்ணீர் ஓடி செல்லைக் கழுவும். அந்த நேரம் பிசகினாலும் 13-14 காப்பாற்றும். மோட்டர் டைமரை மட்டும் பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். வேலை முடிந்ததும் செல் ஓடும்போது மோட்டர் பிரேக்கரைக் கையால் இறக்கிப் பாருங்கள். மெஷின் லைட் அந்த நொடியே அணையாவிட்டால், வயரிங்கை மறுபடி பார்க்காமல் தடாகத்தைத் திறந்துவிடாதீர்கள்.

பதுளை எர்த்:
தம்பி, அந்தச் சோதனைக்கு மோட்டர் பிரேக்கருக்குப் பிறகு டைமரின் லைவை எடுத்திருக்க வேண்டும். முன்னாலிருந்து எடுத்தால் கொயில் பிடித்தபடியே இருக்கும், செல்லும் ஓடும்.