முதல் ஆர்.சி. பக்கி: நைட்ரோவா, மின்சாரமா?

கேள்வி (கோவைச்சக்கரம்)

வணக்கம். 1/8 அளவுள்ள பக்கி (கரடுமுரடான தரையிலும் ஓடும் சிறு கார்) ஒன்றை என் முதல் ரேடியோ கட்டுப்பாட்டு வாகனமாக வாங்க எண்ணியுள்ளேன். 3.5 சி.சி. நைட்ரோ என்ஜின் கொண்டதா, நான்கு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மோட்டார் கொண்டதா என்று முடிவு செய்ய இயலவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி மைதானத்தில் ஓட்டுவேன். நைட்ரோவின் ஓசையும் புகையும் என்னை ஈர்க்கின்றன. பட்டறை வேலையிலும் ஓரளவு பழக்கம் உண்டு. எரிபொருள், பராமரிப்பு ஆகியவை பற்றி இரண்டையும் ஓட்டியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (ஊசித்திருகு)

பட்டறைப் பழக்கம் உண்டு என்று எழுதியிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நைட்ரோ எரிபொருளில் பெட்ரோல் கிடையாது. மெத்தனாலுடன் நைட்ரோமீத்தேனும் மசகு எண்ணெயும் கலந்திருக்கும். தீப்பொறிக்கும் இங்கே வேலையில்லை. கலவையைப் பற்றவைக்கும் கிளோ பிளக்கின் பிளாட்டினக் கம்பிச்சுருளைத் தொடக்கத்தில் சிறு பேட்டரியால் சூடேற்றிவிட்டால், பிறகு மெத்தனாலுடன் அது புரியும் வினையும் சிலிண்டரின் வெப்பமுமே அதைத் தணலாக வைத்திருக்கும். ஆகவே கார்புரேட்டரின் ஊசித் திருகுகளால் நாம் அமைக்கும் கலவைதான் என்ஜினின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது. காலையின் ஈரக்காற்றுக்கு அமைத்தது பத்து மணி வெயிலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. எண்ணெய் எரிபொருளிலேயே கலந்திருப்பதால், 'லீன்' ஆக, அதாவது எரிபொருள் குறைந்த கலவையில், ஓடும் என்ஜினுக்கு மசகும் குறைகிறது. நன்றாக வேகமெடுப்பதுபோல் தோன்றிக்கொண்டே அது தேய்ந்துபோகும். புகைக்குழாயிலிருந்து மெல்லிய புகைக்கோடு வருகிறதா என்று நாங்கள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். புது என்ஜினை முதல் சில டாங்க் அளவுக்குக் கூடுதல் எரிபொருளில் நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், ஓட்டி முடித்த ஒவ்வொரு முறையும் டாங்கைக் காலிசெய்து, பேரிங்குகள் துருப்பிடிக்காதிருக்க ஆஃப்டர் ரன் எண்ணெய் (ஓட்டிய பின் என்ஜினுக்குள் விடும் பாதுகாப்பு எண்ணெய்) விட வேண்டும்.

எனக்கு இந்த வேலைகள் ஓட்டுவதைவிடப் பிடித்தவை. உங்களுக்கும் அப்படித்தான் என்றால் தயங்காமல் நைட்ரோவை வாங்குங்கள். ஓசைக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஞாயிறு காலையில் மைதானத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு அது இசையாகக் கேட்காது.

பதில் (நாலுசெல்)

மேலே எழுதிய நண்பர் எரிபொருள் கிடைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். தமிழ்நாட்டில் மெத்தனால் உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகளும் கடுமையாக்கப்பட்டன. மூலப்பொருள்களை வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ளலாம் என்று எவராவது கூறினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆயத்த எரிபொருளும் எளிதில் தீப்பற்றுவது என்பதால் விமான சரக்கில் சாதாரணப் பொதியாக வராது. ஐரோப்பிய ஒன்றியத்திலும், 16 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்களுக்கு விற்பதற்கு 2021 முதல் கட்டுப்பாடு உள்ளது. உங்கள் ஊரில் முறையாக வாங்க ஒரு கடை உண்டா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

மின்சார பக்கியில் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால், டிஃபரன்ஷியலும் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பாகம்) கியர்களும் தேயும். தொடக்கத்தில் ரிமோட்டிலேயே திராட்டிலைப் பாதியளவுக்குக் கட்டுப்படுத்திவிடுவது நல்லது. பராமரிப்பே தேவையில்லை என்ற பேச்சை நம்ப வேண்டாம், பேட்டரிக்கும் கவனம் வேண்டும்.

கோவைச்சக்கரம்

இருவருக்கும் நன்றி. கடை இல்லையென்றே தெரிகிறது, ஆகவே மின்சாரம்தான். பேட்டரியில் எதைக் கவனிக்க வேண்டும்?

நாலுசெல்

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சமன்செய்யும் பேலன்ஸ் சார்ஜர்தான் வாங்க வேண்டும். 5000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரியை 5 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுங்கள். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, ஓட்டும்போது 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது. அடுத்த ஞாயிறு வரை வைப்பதென்றால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் ஏற்றாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த லைப்போவையும் விட்டுவைக்காதீர்கள். ஏற்றும்போது ஆள் அருகில் இருக்க வேண்டும். விலையைக் கணக்கிடும்போது சார்ஜரையும் இரண்டாவது பேட்டரியையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.