மறு: ‘டிரை டவுன்’ – உலர்மணமா, அடிமணமா, வேறு ஏதாவதா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

செண்டு அடித்து வெகு நேரம் கழித்துத் தோலில் நிற்கும் மணத்தை ஆங்கிலத்தில் ‘டிரை டவுன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ் என்ன என்று போன வாரம் நான் கேட்ட ஒற்றைச் சொல்லுக்குப் பதினோரு மடல்கள் வந்துவிட்டன. அதில் நான்கு, ‘வாசம்’ வடமொழியா இல்லையா என்ற சண்டை. அதை நான் தொடவில்லை. திங்கட்கிழமைக்குள் ஒரு செண்டுக் கடைச் செயலியின் தமிழ்ப் பக்கங்களை முடித்துக் கொடுத்தாக வேண்டும். ‘டிரை டவுன்’ மட்டும் நாற்பது இடத்தில் வருகிறது.

> உலர்மணம் என்றே போடுங்கள் தம்பி. டிரை என்றால் உலர்தல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஐயா, நானும் முதலில் அதைத்தான் போட்டிருந்தேன். அப்புறம் பட்டியலில் இருந்த ஒரு செண்டை அடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன். சாயங்காலம் வந்து எல்லா இடத்திலும் அழித்துவிட்டேன். என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

செண்ட், ழான் பால் கோத்தியேயின் லெ போ. ஆண்களுக்கானது, 2019-ல் வந்தது. குப்பி ஓர் ஆணின் உடல் வடிவம், இடுப்பில் ஓர் இலை. அவர்கள் சொல்லும் சரக்கு மூன்றே மூன்று: பெர்கமாட் (நாரத்தை இனத்துப் பழம்), ‘தேங்காய் மரம்’, டோங்கா கொட்டை (தென் அமெரிக்க மரம் ஒன்றின் விதை). (பெயரைத் தமிழில் எழுதினால் ‘போ’ என்று நிற்கிறது. போ என்று சொல்லியும் போகாத சரக்கு என்பது பிற்பாடு தெரிந்தது.)

காலை எட்டரை மணி, சைதாப்பேட்டை. மணிக்கட்டில் ஒன்று, சட்டைக் கையில் ஒன்று அடித்தேன். முதலில் ஸ்பிரிட் நெடி. கூடவே நாரத்தை இலையைக் கிள்ளி முகர்ந்தது போல ஒரு கசந்த குளிர்ச்சி. அதுதான் பெர்கமாட். ஸ்டேஷன் படியேறுவதற்குள் கையில் ஈரம் இல்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள் ஐயா. உலர்வது அங்கேயே முடிந்துவிட்டது, ஒரு நிமிடக் கணக்கு. செண்டுக்காரர்கள் டிரை டவுன் என்று சொல்வதோ அதற்கப்புறம் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கி ராத்திரி வரை நிற்பது. உலர்ந்து எத்தனையோ நேரம் ஆன பிறகு வருவதற்கு உலர்மணம் என்று பெயர் வைத்தால், படிக்கிறவர் விசிறியால் வீசிக் காயவைத்துவிட்டு, ‘இதுவா?’ என்று கேட்பார்.

பல்லாவரம் வருவதற்குள் நாரத்தை காணோம். தேங்காய் எழுந்தது. எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. நமக்குத் தேங்காய் மணம் என்றால் பள்ளிக்கூடத் தலைவாரல், படியப் படிய வைத்த எண்ணெய், தலையணை உறையில் சிக்கு வாடை. மேலை நாட்டாருக்கு அது விடுமுறையும் கடற்கரையும் வெயிலுக்குப் பூசும் கிரீமும். ஒரே மணம், இரண்டு ஊர். ஆனால் வந்தது எண்ணெய் இல்லை. தேங்காய் பர்ஃபிக்குப் பாகு கம்பிப் பதம் வந்ததும் துருவலைக் கொட்டுவோமே, அந்த நேரத்தில் வாணலியிலிருந்து முகத்தில் அடிக்கும் ஆவி. இனிப்பு முன்னால், தேங்காய் பின்னால், அதற்கும் பின்னால் சீவிய கட்டையின் லேசான வறட்சி.

பதினொரு மணிக்கெல்லாம் எனக்கு மணம் எதுவும் தெரியவில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைத்து, ‘எச்சமணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அது பொருந்தும் போலிருக்கிறதே என்று யோசித்தேன். பன்னிரண்டு மணிக்கு லிஃப்டில் ஒருவர், “யாருங்க தேங்காய் பர்ஃபி கொண்டுவந்தது?” என்று சுற்றுமுற்றும் பார்த்தார். மணம் போகவில்லை. என் மூக்குதான் பழகிப்போயிருக்கிறது. ஆகவே எச்சமும் இல்லை, மிச்சமும் இல்லை. (பறவை எச்சம் ஞாபகம் வருகிறது என்று எழுதிய அம்மா சொன்னதும் நியாயம்.)

மூன்று மணிக்கு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து மணிக்கட்டை முகர்ந்தேன். தேங்காய் தணிந்திருந்தது. அதன் அடியிலிருந்து வெனிலா, கொஞ்சம் பாதாம், எல்லாவற்றுக்கும் மேலாக வெயிலில் கிடந்த வைக்கோல். கற்பனை என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன். டோங்கா கொட்டையின் மணத்துக்கு முக்கிய காரணம் கூமரின் என்ற வேதிப்பொருள். காய்ந்த புல்லுக்கு அந்த மணத்தைத் தருவதும் அதே கூமரின்தான். 1868-லேயே வில்லியம் பெர்கின் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார். 1882-ல் ஊபிகாங் நிறுவனம் அதைப் போட்டு ஃபூஜேர் ரோயால் என்ற செண்டை வெளியிட்டது. இன்று கடையில் ஆண்கள் செண்ட் என்று நிற்கும் எத்தனையோ குப்பிகளுக்கு அதுதான் பாட்டன். நம் ஊர் வைக்கோல்போரில் சும்மா கிடைக்கும் மணத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சரி, அது வேறு கதை.

வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையை முகர்ந்தால் காலையில் இருந்த தேங்காய் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. தோலில் அப்படி இல்லை. வியர்வை உப்பும் டோங்காவும் சேர்ந்து, உப்புப் போட்ட தேங்காய்ப்பால் மாதிரி ஒன்று. அம்மா பக்கத்தில் வந்து, “தலைக்கு எண்ணெய் வச்சியாடா?” என்று கேட்டார்கள். நாள் முழுக்கத் தப்பித்தது கடைசியில் மாட்டிக்கொண்டது.

> அடிமணம் என்று ஏற்கெனவே இந்தக் குழுவில் முடிவு செய்ததுதானே? முன்மணம், நடுமணம், அடிமணம். மறுபடி ஏன்?

செண்டில் முதலில், நடுவில், கடைசியில் எழும் சரக்குகளுக்கு அந்த மூன்றும் நல்ல சொற்கள், மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அடிமணம் என்பது குப்பிக்குள் இருக்கும் சரக்கின் பெயர். டோங்கா அடிமணம், அதைத் தொழிற்சாலையிலேயே சொல்லிவிடலாம். நான் கேட்பது தோலின் மேல் நடக்கும் காரியத்தை. மூன்று மணிக்கு என் கையில் இருந்தது டோங்கா மட்டுமில்லை. தணிந்த தேங்காய், என் வியர்வை, அன்றைய வெயில் எல்லாம் அதில் சேர்த்தி. மீன்குழம்பில் புளி உண்டு, மிளகாய் உண்டு, மீன் உண்டு. மறுநாள் ருசி என்று ஒன்று இருக்கிறதே, அது எந்த அஞ்சறைப்பெட்டியிலும் இல்லை. சட்டியில் ராத்திரி நடந்தது அது.

‘பின்மணம்’, ‘மறுமணம்’ என்று வந்த யோசனைகளுக்கு நன்றி. மறுமணத்தைச் செயலியில் போட்டால் கல்யாணத் தரகர்கள் பதிவு செய்ய வந்துவிடுவார்கள். கலவைக்கு ‘கலப்புமணம்’ என்று நான் முன்பு போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நேற்றுத் திருவல்லிக்கேணியில் ஓர் அத்தர் கடைக்குப் போனேன். பெரியவர் கண்ணாடிக் குச்சியால் என் புறங்கையில் ஒரு பொட்டு வைத்தார். நான் உடனே மூக்குக்குக் கொண்டு போனேன். கையைப் பிடித்து இறக்கிவிட்டு, “இருங்க, உக்காரட்டும்” என்றார்.

எனக்குச் சொல் கிடைத்துவிட்டது. அமர்மணம்.

அமர்தல் உட்கார்வதும் ஆகும், தணிவதும் ஆகும். விளக்கை அமர்த்து என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. முன்மணத்தின் துள்ளல் தணிகிறது, மிச்சப்பட்டது தோலில் உட்காருகிறது. இரண்டும் ஒரே வினையில் வந்துவிடுகிறது. ‘அமரவிட்டு முகருங்கள்’, ‘மணம் அமர இரண்டு மணி நேரம் ஆகும்’ என்று வாக்கியமும் தானாக வருகிறது. என் கணக்கில் கலைச்சொல்லுக்குச் சோதனை இதுதான்: பெயராக வைத்ததை வினையாகத் திருப்பிச் சொல்ல வருகிறதா?

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.
சைதையிலிருந்து

————

> அமர்மணம்.

தம்பி, அமர் என்றால் போர் என்றும் பொருள் உண்டு. அமர்க்களம் என்று சொல்லிப் பாருங்கள். தவிர, அமர்மணம் என்றதும் மணமேடையில் அமர்ந்த மாப்பிள்ளைதான் என் கண்ணில் நிற்கிறார். ஆனாலும் உலர்மணத்தை விட்டுவிடுகிறேன். ஒரு நிமிடத்தில் உலர்ந்துவிடுகிறது என்று நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

————

இருவருக்கும் வணக்கம். முப்பது வருஷம் வேதியியல் நடத்திய பழக்கத்தில் குறுக்கே வருகிறேன்.

பெயர் பொய் சொன்னால் அது எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு உங்கள் தேங்காயே சாட்சி. தேங்காய் மணத்துக்குச் செண்டுக்காரர்கள் வழக்கமாக எடுக்கும் சரக்கு காமா நோனலாக்டோன். தொழிலில் அதற்குப் பெயர் ‘ஆல்டிஹைடு சி-18’. அது ஆல்டிஹைடே இல்லை, வளைய எஸ்டர்; அந்த வகைக்குத்தான் லாக்டோன் என்று பெயர். அதில் பதினெட்டுக் கார்பனும் இல்லை, ஒன்பதுதான். பெயரில் இருக்கும் இரண்டு சொல்லும் தப்பு, இன்றைக்கும் அப்படித்தான் விற்கிறார்கள். டிரை டவுனும் அந்த ஜாதி. அவர்கள் தப்பை நாம் ஏன் உலர்த்தி எடுத்து வைக்க வேண்டும்?

பர்ஃபி வந்து எண்ணெய் ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். நிஜத் தேங்காய் எண்ணெயின் மணத்தில் டெல்டா வகை லாக்டோன்கள் முக்கியம். கூடவே கொழுப்பு காறும்போது வரும் வாடைகளும் சேரும். செண்டில் எண்ணெயே இல்லை, காறுவதற்கு எதுவும் இல்லை. வெனிலா, கூமரின் பக்கத்தில் வைத்தால் லாக்டோன் மிட்டாய்ப் பக்கம் சாய்ந்துவிடும். ‘தேங்காய் மரம்’ என்பதையும் முழுக்கப் புளுகு என்று தள்ளவேண்டாம். விஸ்கி ஊறவைக்கும் ஓக் பீப்பாயின் மரத்திலேயே தேங்காய் மணக்கும் ஒரு லாக்டோன் இருக்கிறது.

அமர்மணத்துக்கு என் ஓட்டு. காரணம் வேதியியல்தான். பெர்கமாட்டில் இருக்கும் லிமோனீன் சுலபமாக ஆவியாகும், சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். லாக்டோனும் கூமரினும் கனம், மெதுவாகத்தான் எழும். கனமானது உட்காரும். ஆனால் சட்டையில் நிற்பதையும் அமர்மணம் என்று சொல்லிவிடாதீர்கள். துணி சூடில்லை, வியர்க்காது. தோலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

————

அக்கா, மிக்க நன்றி. அந்தக் கடைசி வரியை அப்படியே விளக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

ஐயா, மாப்பிள்ளை உட்கார்ந்தால் உட்காரட்டும். அமர்க்களத்தில் போரை யாரும் இப்போது பார்ப்பதில்லை, சத்தத்தைத்தான் பார்க்கிறார்கள். மாப்பிள்ளையும் கொஞ்ச நாளில் எழுந்து போய்விடுவார்.

நாற்பதில் முப்பத்தாறு இடத்தில் அமர்மணம் போட்டாகிவிட்டது. மீதி நான்கில் வினையே போதுமாக இருந்தது. லெ போவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “அடித்ததும் நாரத்தைக் குளிர்ச்சி. கால் மணி நேரத்தில் பாகில் கிளறிய தேங்காய். அமர்மணம் வெனிலாவும் வைக்கோலும், தோலின் உப்போடு. கடையில் முடிவு செய்யாதீர்கள், கையில் அமரவிட்டு மத்தியானம் முகருங்கள்.” கடைக்காரர் கடைசி வாக்கியத்தை எடுக்கச் சொல்கிறார். வாங்காமல் போய்விடுவார்களாம். எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.

அடுத்து, ஒருவர் கடந்து போன பிறகு காற்றில் நிற்கும் மணத்துக்குப் பிரெஞ்சில் ‘சியாழ்’ என்கிறார்கள். கப்பல் போன பின் தண்ணீரில் கிடக்கும் தடத்துக்கும் அதே சொல்தான். காசிமேட்டுப் படகுக்காரர்களிடம் அந்தத் தடத்துக்கு ஒரு சொல் இல்லாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கப் போகும்போது கேட்டுவிட்டு வருகிறேன். புது இழையில் எழுதுகிறேன்.