புதுப்பிப்பு: எக்ஸ்1 கார்பனே வாங்கிவிட்டேன்

திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஜென் 12 லேப்டாப்பை 16 ஜிபி ரேமோடு வாங்கி, பிறகு ரேமைக் கூட்டிக்கொள்ளலாமா, இல்லை இன்னொரு திங்க்பேட்டான டி14 ஜென் 5 போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

ரேம் விஷயத்தில் எச்சரித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. கார்பனில் அது மதர்போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. பிற்பாடு ஒரு ஜிபிகூட ஏற்ற முடியாது. இன்டெல் டி14-இல் ரேமை மாற்ற இரண்டு ஸ்லாட் உண்டு. ஆனாலும் தினமும் தோளில் சுமப்பவன் நான். 1.1 கிலோ எடைதான் முடிவு செய்தது. ரேமை மட்டும் 32 ஜிபியாகவே எடுத்தேன்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மாற்றலாம், எம்.2 2280 அளவு. நேற்று இரவு 2 டிபி போட்டேன். முதலில் பிட்லாக்கரின் (விண்டோஸின் தகவல் பூட்டு) மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்தேன். அப்புறம் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய் உள் பேட்டரியை முடக்கினேன். இதைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். அடிமூடித் திருகுகள் கழன்று விழாமல் மூடியோடே நிற்கின்றன, அருமையான ஏற்பாடு. மூடியைக் கிளப்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. சரி, கிளிப்தான்.

எல்லாம் மாட்டிச் சார்ஜரைச் செருகியதும் பேட்டரி தானாகவே உயிர்பெற்றது. விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டேன்.