ஐஸ் போட்டால் தீ அணையுமா? வன்னியில் நாங்கள் கண்டது

முல்லைத்தீவிலிருந்து ஒருவர்:
சோளகக் காற்று அடிக்கிற காலம். கடற்கரையில் பக்கத்து மீன் வாடியின் கிடுகுத் தட்டி பற்றிக்கொண்டது. கடலுக்கு வாளியோடு சிலர் ஓட, பெடியள் இரண்டு பேர் கைக்கெட்டிய ஐஸ் பெட்டியைத் திறந்து மண்வெட்டியால் அள்ளி வீசினார்கள். தட்டியில் பட்ட ஐஸ் எல்லாம் சறுக்கி மணலில் விழுந்தது. பட்ட இடம் கொஞ்சம் கறுக்கும், காற்று வந்ததும் திரும்பப் பிடிக்கும். அப்புறம்தான் படகு முதலாளியான சம்மாட்டி ஐயா பெட்டியின் அடித் தக்கையைப் பிடுங்கச் சொன்னார். மீன் இரத்தம் கலந்த குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் ஓடி வந்தது. அதை ஊற்றிய இடம் மறுபடி எரியவில்லை. கடல் தண்ணீரும் வந்து சேர, மிச்சத் தட்டியை வெட்டி இழுத்து விழுத்தினோம். ஒரே பெட்டி ஐஸும் தண்ணீரும்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை:
அண்ணை, கணக்குப்படி ஐஸ்தான் கூட வெப்பத்தை இழுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகவே 334 கிலோயூல் தேவை. ஆனால் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோயூல் போகிறது. தீயை அடக்குகிற பெரிய வேலை அங்கேதான் நடக்கிறது. ஐஸ் உருகி, சூடாகி, ஆவியாகும் வரைக்கும் தட்டியில் நிற்க வேண்டுமே, அதற்குள் விழுந்துவிடுகிறது. தண்ணீர் கிடுகின் இடுக்கெல்லாம் ஊறி, ஓலையை நனைத்து வைக்கும். நன்றாகத் தூளாக்கி, நிறையக் கொட்டி, மேலே தங்கினால் ஐஸும் அணைக்கும்தான். ஆனால் அவசரத்தில் அதை நம்ப முடியாது.

கிளிநொச்சியிலிருந்து ஒருவர்:
தயவுசெய்து எண்ணெய்த் தீக்கு ஐஸைக் கொண்டுபோகாதீங்கோ. எங்கள் வீட்டில் வடை சுட்ட தாச்சி பற்றியபோது, மருமகன் முறையான பொடியன் ஒருவன் பிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டோடு ஓடி வந்தான். மாமி அவன் கையைத் தட்டிவிட்டு, காஸை நிறுத்தி, பெரிய சட்டி மூடியைப் பக்கவாட்டில் சறுக்கி மூடினா. அந்த ஐஸ் உள்ளே விழுந்திருந்தால்? தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு பருக்கும். எரிகிற எண்ணெயையும் சேர்த்துத் தூக்கி எறியும், முகம் கை எல்லாம் வெந்துவிடும். மூடியை உடனே திறந்து பார்க்கவும் விடவில்லை மாமி. ஆறாத எண்ணெய் காற்றுப் பட்டால் மறுபடி பற்றும்.

முல்லைத்தீவிலிருந்து:
நன்றி தங்கச்சி, விளங்குது. என்ஜினுக்கு வைத்திருக்கிற மண்ணெண்ணெய் பற்றினால் நாங்கள் தண்ணீரும் ஊற்றுவதில்லை, எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதந்து நெருப்பை வாடி முழுக்கக் கொண்டுபோகும். மணல்தான் அள்ளிக் கொட்டுவோம். அன்றைக்கு ஒரு பெடியனுக்குக் கையும் சுட்டது. அவன் ஐஸை அழுத்தப் பார்த்தான்.

ஒட்டுசுட்டானிலிருந்து:
சுட்ட காயத்துக்கு ஐஸ் வேண்டாம் அண்ணை, வெந்த தோலை அது இன்னும் கெடுக்கும். ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.