புரூதோன் சொல்லும் ‘கையிருப்பு உரிமை’க்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோன் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன், கைகொடுங்கள்.

1840-இல் வந்த ‘சொத்து என்றால் என்ன?’ நூலில் ‘சொத்து என்பது திருட்டு’ என்றார். பலரும் அந்த ஒரு வரியோடு அவரை மூடிவைத்துவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர் அவர். உழுகிறவரின் நிலத்தையோ தச்சரின் உளியையோ பிடுங்கச் சொல்லவில்லை. தான் உழைக்காமல் வாடகை, வட்டி, குத்தகை என்று வாங்கும் உரிமையைத்தான் திருட்டு என்றார். பயன்படுத்துகிறவர் கையில் இருப்பதற்கு அவரிடம் தனிச்சொல் உண்டு; தலைப்பில் ‘கையிருப்பு உரிமை’ என்றது அதைத்தான். ‘உடைமை’ என்று போட்டால் சொத்தோடு கலந்துவிடுகிறது. பத்திரங்களில் வரும் ‘சுவாதீனம்’ பொருந்துமா? இல்லை, ‘அனுபோகம்’ சரியா? பத்திரம் எழுதிப் பழகியவர்கள் சொன்னால் பெரிய உதவி.

அப்புறம் இன்னொன்று. 1865-இல் அவர் இறந்தபின் வெளியான ‘சொத்துக் கோட்பாடு’ நூலில், அரசின் அதிகாரத்துக்கு எதிர் எடையாக நிற்கக்கூடியது சொத்துதான் என்கிறார். இது மனமாற்றமா? 1848 புரட்சி, அப்போதைய பிரெஞ்சு அதிபர் லூயி நெப்போலியனைத் தாக்கி எழுதியதற்காக மூன்று வருடச் சிறை, 1851-இல் அதே லூயி நெப்போலியன் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு எல்லாம் பார்த்தவர். அதிகாரம் ஒரே இடத்தில் குவிவதைப் பற்றிய பயம் இரண்டு நூல்களிலும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அவருடைய இன்னொரு நூலான ‘கூட்டாட்சிக் கொள்கை’யை முழுதாகப் படித்தவர்கள் இதை ஏற்பீர்களா?

பெண்களைப் பற்றி அவர் எழுதியது மோசமானது. அதையும் கட்டுரையில் மறைக்கமாட்டேன்.