உடலிருப்பு: கரடி ஆய்வுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு விலங்கு தன் உடலில் எவ்வளவு கொழுப்பும் தசையும் சேர்த்து வைத்திருக்கிறது என்பதைக் குறிக்கும் 'body condition' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக, நம் சொல் தேடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உடல்நிலை, உடற்கட்டு, ஊட்டநிலை. 'உடல்நிலை' சரிவராது. கரடியின் உடல்நிலை மோசம் என்று எழுதினால் அதற்கு ஏதோ நோய் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'உடற்கட்டு' உருவ அமைப்போடு நின்றுவிடுகிறது.

'ஊட்டநிலை' நல்ல சொல்தான். ஆனால் அது உண்ணும் உணவின் பக்கம் சாய்கிறது. கரடிக்கோ உண்ணாத மாதங்கள்தான் முக்கியம். குளிர்கால உறக்கத்தில் பழுப்புக் கரடி எதுவும் உண்பதில்லை, நீரும் குடிப்பதில்லை. முன்பே சேர்த்த கொழுப்பை எரித்து, ஆற்றலையும் நீரையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வசந்தத்தில் குகையை விட்டு வரும்போது எடையில் மூன்றில் ஒரு பங்குவரை போயிருக்கும். பெண் கரடியின் நிலை இன்னும் நுட்பமானது. கோடைத் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் பதியாது. இலையுதிர் காலத்தின் இறுதிவரை காத்திருக்கும். அதற்குள் போதிய கொழுப்பு சேராவிட்டால் குட்டி இல்லை. உடல் கொழுப்பு 20 விழுக்காட்டைத் தாண்டாத பழுப்புக் கரடிகள் இணை சேர்ந்தும் குட்டி ஈனவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அதனால் நான் முன்வைப்பது 'உடலிருப்பு'. கையிருப்பு, சரக்கிருப்பு என்று ஏற்கெனவே சொல்கிறோம். இருப்பு கூடும், குறையும், கரையும், தீரும். பருவத்தோடு மாறுவதைச் சொல்ல இந்த வினைகள் எல்லாம் வேண்டும். 'நிலை' இவற்றோடு ஒட்டாது.

அளக்கும் முறைகளை எழுதும்போதும் இது கைகொடுக்கிறது. எடை மட்டும் போதாது. ஒரே எடையில் ஒரு கரடி நீண்டு மெலிந்திருக்கும், இன்னொன்று குட்டையாகக் கொழுத்திருக்கும். எனவே மயக்கிய கரடியின் மூக்குப் பக்கமும் வால் பக்கமும் மின்முனை பொருத்தி மெல்லிய மின்னோட்டம் செலுத்துகிறார்கள். நீர் நிறைந்த தசை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும். இல்லையென்றால் கனநீரை (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) சிறிதளவு ஊசியில் ஏற்றி, அது உடல்நீரில் எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்க்கிறார்கள். உடல்நீர் தெரிந்தால் கொழுப்பற்ற எடை தெரியும், மீதி கொழுப்பு. இரண்டு வழியிலும் கிடைப்பது இருப்புக் கணக்குதானே!

துருவக் கரடி எவ்வளவு கொழுத்திருக்கிறது என்று பார்த்து 1 முதல் 5 வரை தரும் எண்ணை 'உடலிருப்பு எண்' எனலாம். 'மதிப்பெண்' என்றால் தேர்வு நினைவு வருகிறது.

'இந்தக் காட்டில் கரடியின் இருப்பு' என்ற பொருளோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. முன்னால் 'உடல்' நிற்கும்வரை குழப்பம் வராது என்று நம்புகிறேன். ஆனால் தனியாக 'இருப்பு' என்று சுருக்கக் கூடாது, கட்டுரை முழுக்க முழுச்சொல்லே வர வேண்டும்.

அப்புறம், உறக்கத்துக்கு முன் விடாமல் தின்னும் காலத்துக்குப் 'பெருந்தீனிப் பருவம்' என்று வைத்திருக்கிறேன். 'மிகையுணவு' நோய்ப்பெயர்போல ஒலிக்கிறது. இதைவிடச் சிறிய சொல் தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.